ஈரலின் காவலில்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று குருதித் துப்புரவு இல்லாத நாள். ஆகவே மனிதனாக இருக்கிறேன்.

"டயாலிசிஸ்னு சொன்னா உங்க நாக்கு வெந்துடுமா" என்று என் மனைவி செண்பகம் கேட்கிறாள். வேகாது. ஆனால் முப்பது ஆண்டு மேடையில் தூய தமிழ் முழங்கியவன், ஊசி குத்தியதும் மொழி மாறினான் என்றால் நோய் வென்றதாகிவிடும். அந்த வெற்றியை அதற்கு நான் தரமாட்டேன்.

என் உடலை ஒரு நாட்டைப் போல எண்ணிப் பார்க்கிறேன். சிறுநீரகங்கள் இரண்டும் நீர்க்கட்டிகள் நிறைந்து செயலிழந்தன. அம்மாவின் வழி வந்த நோய். அவளுக்கும் வயிறு வீங்கித்தான் முடிந்தது. ஈரலிலும் அதே கட்டிகள். விந்தை என்னவென்றால், ஈரல் தன் வேலையை இன்றும் ஒழுங்காகச் செய்கிறது. இடத்தைத்தான் முழுவதும் பிடித்துக்கொண்டது. உண்ண இடமில்லை, மூச்சுக்கு இடமில்லை. ஆம்பூர்க் கூட்டத்தில் எதிரணிப் பேச்சாளன் ஒருவன், "தமிழ்வேந்தனுக்கு முன்னால் அவர் வயிறு மேடையேறிவிடும்" என்றான். கைதட்டு வாங்கினான். நல்ல தொடர்தான். நான் சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

வேலூர் மருத்துவமனையில் ஈரல், சிறுநீரகம் இரண்டுக்கும் சேர்த்துப் பெயர் பதிந்து காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

உறுப்புமாற்றப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் ரெனால்ட் இன்று விளக்கிச் சொன்னார். இளைஞர், பொறுமைசாலி.

"ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்துதான் வரும் ஐயா. மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தர், அவங்க குடும்பம் சம்மதிச்சாத்தான்."

"ஈரல் ஒருவரிடம், சிறுநீரகம் மற்றொருவரிடம் என்று வாங்கலாகாதா?"

"ஒரே ஆளோடதா இருந்தா நல்லதுன்னு கிட்னி டாக்டர் ஜெயசீலி மேடம் சொல்லுவாங்க. அவங்ககிட்ட கேளுங்க, எனக்கும் அது புரிஞ்சதில்ல."

இரண்டு உறுப்புகள் ஒரே உடலிலிருந்து வருவதில் என்ன நன்மை? ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போகிறவர்கள் கூட்டாகப் போவார்களே, அது போலவா? உவமை வந்துவிட்டது; விடை வரவில்லை. எனக்கு எப்போதும் இந்த வரிசைதான்.

"உயிரைக் கொடுப்போம்" என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பேன். கொடுத்ததில்லை. இப்போது, முழங்காத ஒருவர் கொடுப்பதற்காகக் காத்திருக்கிறேன்.

மார்ச்சு 3, திங்கள்

ஒரு மிடறு நீர். இன்றைய பங்கு முடிந்தது. எதிர்வீட்டு மரத்தில் இளநீர் குலைகுலையாகத் தொங்குகிறது. பொட்டாசியம் மிகும் என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு எனக்குப் பிடித்த தமிழ் இன்னும் அமையவில்லை.

மார்ச்சு 21, வெள்ளி

அழைப்பு வந்துவிட்டது. வண்டிக்குள் இருந்து எழுதுகிறேன், எழுத்து குதிக்கிறது.

செண்பகம் காலணித் தொழிற்சாலைக்குக் கம்பெனிப் பேருந்தில் போய்விட்டிருந்தாள். நசீர் அகமதுக்குச் சொன்னேன். ஆம்பூரில் ஒலிபெருக்கி நிலையம் வைத்திருப்பவன். என் முதல் கூட்டத்திலிருந்து என் குரலுக்கு மின்சாரம் கொடுத்தவன். நேரம் கடந்துவிட்டது, நிறுத்து என்று காவலர்கள் மேடையடிக்கு வந்து நின்றபோதும் என் ஒலிவாங்கியை அவன் அணைத்ததில்லை. "பேசி முடிக்கட்டும் சார், அப்புறம் என்ன வேணா இட்டுக்கினு போங்க" என்பான்.

கிடைத்தது அவனுடைய கூட்ட வண்டிதான். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் கூம்புகள். தொழிற்சாலை வாயிலில் நின்று செண்பகத்தை ஏற்றிக்கொண்டோம். கையில் இன்னும் பசை ஒட்டியிருக்கிறது அவளுக்கு.

"அண்ணே, அறிவிச்சிக்கினே போலாமா? தமிழ்வேந்தனார் ஈரல் மாத்தப் போறாரு, வழிவிடுங்கன்னு."

செண்பகம், "வாய மூடிக்கினு ரோட்டப் பாரு" என்றாள். அவள் கை என் கையை விடவில்லை.

எங்கோ ஒரு வீட்டில் இப்போது அழுகிறார்கள். நான் அந்த அழுகையை நோக்கி விரைகிறேன். இதற்கு எந்த அவையிலும் நான் சொல் பயின்றதில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

எழுதுகோல் பிடிக்க இன்றுதான் முடிந்தது. கை நடுங்குகிறது, மாத்திரையின் வேலை என்கிறார்கள்.

ஈரல் வந்த அன்றே விழித்துக்கொண்டது. சிறுநீரகம் தூங்குகிறது. ஒரே உடலிலிருந்து, ஒரே நாளில், ஒரே பெட்டி வழியாக வந்த இருவரில் ஒருவர் வேலைக்குப் போய்விட்டார், மற்றவர் இன்னும் பாயைச் சுருட்டவில்லை. ஆகவே குருதித் துப்புரவு தொடர்கிறது. சிறுநீரகம் எழாமலே போனால் மீண்டும் பழைய கட்டில், பழைய ஊசி. ஈரல் மட்டும் புதிது.

தொண்டையில் குழாய் இருந்ததால் குரல் இல்லை. காற்று வருகிறது, ஒலி வரவில்லை.

அகற்றிய ஈரலைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். படத்தைக் காட்டினார்கள். நுங்குக் குலை போல இருந்தது. இதையா இத்தனை நாள் சுமந்தேன்? வயிறு தட்டையாகக் கிடக்கிறது. கட்டிய வேட்டி நிற்க மறுக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

பையில் சிறுநீர். செண்பகம் அதைப் பார்த்து அழுதாள். நானும்.

ஏப்ரல் 16, புதன்

மருத்துவர் ஜெயசீலியை இன்று வகையாகப் பிடித்துக்கொண்டேன். சிறுநீரக மருத்துவர். சிரிக்காமல் நகைச்சுவை சொல்வார். குரல் கரகரப்பாக வருகிறது. கேள்விகளுக்கு அது போதும்.

"சிறுநீரகம் மட்டும் ஏன் தாமதித்தது?"

"அது கொஞ்சம் ரோஷக்காரன்ங்க ஐயா. ரத்த ஓட்டம் நின்னா கோச்சுக்கும். சமாதானமாக நாளாகும்."

"புதிய உறுப்புகளில் என் உடல் எதை முதலில் வெறுத்து ஒதுக்கும்?"

"சிறுநீரகத்தைத்தான். ஆனா, தனியா வர்ற சிறுநீரகத்தவிட, அதே ஆளோட ஈரலோட சேர்ந்து வர்றத உடம்பு கம்மியா வெறுக்குது. ஈரல் பக்கத்துல நின்னு காவல் காக்குற மாதிரி."

நான் படுக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். "எப்படிக் காக்கிறது?"

"எதிர்க்க வர்ற சிலதை ஈரல் உறிஞ்சிக்குதுன்னு சொல்றாங்க. அது மட்டும்தானான்னா இல்ல. முழுசா தெரியாதுங்க."

"தெரியாதா?"

"தெரியாது. பாத்துக்கிட்டே இருக்கோம்."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். முப்பது ஆண்டில் ஒரு மேடையிலும் நான் சொல்லாத சொல் அது. சொல்லியிருந்தால் கல் வந்திருக்கும்.

இறுதியாக, என் நிலை எப்படி முடியும் என்று கேட்டேன். "முதல் வருஷத்தத் தாண்டணும். தாண்டினவங்க நல்லா இருக்காங்க. மாத்திரை நேரம் தவறக் கூடாது, ராத்திரி வேளையும்தான். கால் வீங்கினா, பிரஷர் ஏறினா உடனே வரணும். ஈரல் காவல் இருக்குன்னு நீங்க தூங்கிடக் கூடாது."

செண்பகம், "மைக்கப் புடிச்சா இவருக்கு ராத்திரியும் தெரியாது பகலும் தெரியாது டாக்டர்" என்று முறையிட்டாள்.

மே 11, ஞாயிறு

மாதனூர் வீடு. தோல் பதனிடும் காற்று அடித்தால் சன்னலை மூடிவிடுகிறாள் செண்பகம். வாசலில் கை கழுவாமல் காக்கை கூட உள்ளே வர முடியாது.

நசீர் வந்தான். முகக்கவசத்தோடு இரண்டு கெசம் தள்ளி உட்கார்ந்தான். நான் பேசியதைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இது இன்னா குரல்? ஆம்ப்ளிபயர் போன செட்டு மாதிரி கீது."

"குழாய் வைத்ததால். தெளிந்துவிடும்."

"எப்போ?"

"முழுமையாகத் தெரியாது" என்றேன். மருத்துவரின் சொல்லைப் பயன்படுத்த எனக்கு ஒரு வாய்ப்பு.

அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் தகரச் சிமிழை எடுத்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் நான் மேடைப்படியில் கால் வைக்கும்போது அதைத் திறந்து நீட்டுவான். ஒரு துண்டு அதிமதுரத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஏறுவேன். முப்பது ஆண்டு வழக்கம். அதில்லாமல் நான் "பெரியோர்களே" என்று தொடங்கியதே இல்லை. இம்முறை சிமிழ் நிறைய, மூடி மூட முடியாதபடி நிரப்பியிருந்ததை என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

"குரல கூட்டிக்கினு வா அண்ணே. செட்டு துரு புடிக்குது."

மே 25, ஞாயிறு

குரல் திரும்புகிறது. வீட்டின் பின்னால் நிற்கும் தென்னைகளுக்கு முன் நின்று பேசிப் பழகுகிறேன். முன்பு கூட்டத்துக்கு ஒரு துண்டு; இப்போது விழித்திருக்கும் வேளையெல்லாம் கன்னத்தில் ஒன்று. தொண்டை வழவழப்பாகிறது. இன்று வல்லினம் தெளிவாக ஒலித்தது. "பகை" என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போயிற்று.

கொடுத்தவரைப் பற்றிய எண்ணம் ஓயவில்லை. யார் என்று சொல்லமாட்டார்கள்; அதுதான் முறை. அவருக்கு மேடைப் பேச்சு பிடித்திருக்குமா? பிடிக்காதவராக இருந்தால், பாவம், அவருடைய ஈரல் இப்போது ஒரு நாளைக்கு எத்தனை முறை என் முழக்கத்தைக் கேட்கிறது.

சூன் 12, வியாழன்

மருத்துவமனை. குருதியழுத்தம் ஏறியிருக்கிறது. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி நிற்கிறது. ஈரல் ஆய்வு நன்று. சிறுநீரகமும் ஏறக்குறைய நன்று. பொட்டாசியம் மட்டும் குறைவு.

குறைவு. ஐந்தாண்டாக மிகுந்துவிடும் என்று எதை விலக்கினார்களோ அது இப்போது குறைவு. "இளநீர் குடிங்க, வாழைப்பழம் சாப்பிடுங்க" என்றார் ஜெயசீலி. அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையைக் கூட்டினார்.

வரும் வழியில் பள்ளிகொண்டாவில் நிறுத்தி இளநீர் குடித்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்ததைப் பார்த்து, விற்பவர் இரண்டாவதை வெட்டி நீட்டிவிட்டார்.

சூன் 27, வெள்ளி

அழுத்தம் மேலும் ஏறியிருக்கிறது. இரண்டு மாத்திரை மூன்றாயிற்று. பொட்டாசியம் இன்னும் கீழே.

ஜெயசீலி என் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு தமக்குத்தாமே சொல்வது போலச் சொன்னார். "உறுப்ப உடம்பு வெறுக்காம இருக்கக் குடுக்குற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு பொட்டாசியம் ஏறும். உங்களுக்கு இறங்குது. அதான் எனக்கு இடிக்குது."

"நாட்டு மருந்து? கஷாயம், லேகியம்? யாராவது குடுத்தாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லை. என் அறிவின்மேல் ஆணையாக இல்லை" என்றேன். சற்றுச் சினமும் வந்தது. மூட மருந்துகளுக்கு எதிராக எத்தனை கூட்டம் பேசியவன் நான்.

செண்பகம், "நான் குடுக்கலீங்க டாக்டர். வீட்ல மிளகு கூட எண்ணித்தான் போடறேன்" என்றாள்.

வெளியே வந்தோம். கால் கனக்கிறது. ஆனாலும், இடிக்கிறது என்றாரே, அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் இடிக்கிறது.

சூலை 9, புதன்

கிரியாட்டினின் ஏறிடுச்சு, சிறுநீரகம் தளர்றதக் காட்டுற கணக்கு.

சிறுநீரகத்த உடம்பு வெறுக்கத் தொடங்கியிருக்கலாமாம். ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பார்க்கணும். வெறுப்புன்னு தெரிஞ்சா பெரிய மருந்து, கடுமையான மருந்து. அதுல எதிர்ப்பு இன்னும் அடங்கும், வேற கிருமி வந்து உட்காரும். அதுவும் கேக்கலன்னா திரும்பவும் அந்த எந்திரம்.

ஈரல் காக்கும்னாங்களே. காக்கலையா? இல்ல, அதுக்கும் தெரியாதா?

ஒரு குடும்பம் அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொருள். அத நான் நாலு மாசம் கூட வச்சிக்கத் தெரியாதவனா? என்ன செஞ்சேன் நான்? சொன்னதெல்லாம் செஞ்சேனே — தண்ணி, மாத்திரை, கவசம் — ஒரு வேளை தவறலையே.

செண்பகம் பக்கத்துல உட்கார்ந்து கால அமுக்குறா. குழி விழுது. அவ அதப் பாக்காத மாதிரி பேசுறா.

சூலை 14, திங்கள்

வெறுப்பு இல்லை. எடுத்த துளியில் அதற்கான அடையாளமே இல்லை.

நான் கட்டிலில் படுத்தபடியே, "ஈரல் காக்கிறது" என்றேன். குரல் முழுதாக வந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஜெயசீலி ஒரு கணம் மட்டும் மகிழ்ந்தார். "சரிங்க ஐயா, காவல்காரன் ஒழுங்கா நிக்கிறான். அப்போ உள்ள வந்து அடிக்கிறது யாரு?"

நல்ல கேள்வி. மேடையில் நான் கேட்டிருந்தால் பகைவன் பெயர் உடனே வந்திருக்கும். இங்கே பெயர் இல்லை. இன்னும் சில ஆய்வுகளுக்குக் குருதி எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்.

போகும்போது, "ஆகஸ்ட்டு மூணாந்தேதி உறுப்பு தான நாள் கூட்டம். பத்து நிமிஷம் பேசுறீங்களா? உக்காந்துக்கிட்டே" என்று கேட்டார்.

"உறுப்புக்கொடை நாள்" என்று திருத்தினேன்.

"அப்போ பேசுறீங்க."

ஆகத்து 3, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வேலூரில் சிறு அரங்கு. கொடுத்தவர்களின் குடும்பங்கள் முன்வரிசையில். என் கொடையாளியின் வீட்டார் அவர்களுள் இருந்தார்களா என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. நசீர் விலை பேசாமல் ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தான். பொன்னாடைக்கு மருத்துவர் தடை. யாரோ மடித்த முகக்கவசக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

என் பெயரை அழைத்தார்கள். எழுந்தேன். வழக்கம்போல நசீர் படியோரம் வந்து, என்னிடமிருந்த சிமிழை வாங்கித் திறந்து நீட்டினான். வழக்கம்போல ஒன்றை எடுத்தேன். கவசத்தை இறக்கி, வாயில் ஏற்கெனவே சப்பிக்கொண்டிருந்த பழைய துண்டைக் கைக்குட்டையில் வைத்துவிட்டுப் புதியதைக் கன்னத்தில் அடக்கினேன்.

மேடையில் அமர்ந்திருந்த ஜெயசீலி முன்னால் சாய்ந்தார்.

"ஐயா, அது என்ன?"

"ஒன்றுமில்லை. தொண்டைக்கு. அதிமதுரம்."

"எத்தனை நாளா?"

"முப்பது ஆண்டாக."

"இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம்?"

"அதன் பிறகுதான் நாள் முழுவதும்." சொல்லும்போதே அவர் முகத்தில் ஏதோ விளக்கு ஏறுவதைக் கண்டேன். சினம் இல்லை; வியப்பு. நெடுநாள் திறவாத பூட்டுக்குள் சாவி திரும்பும்போது ஒருவர் முகம் அப்படித்தான் இருக்கும் போலும்.

அவர் ஒரு தாளை மடித்து என் வாய்க்கு நேரே நீட்டினார். பள்ளிப் பிள்ளையைப் போல, நூறு பேர் பார்க்க, துப்பினேன்.

"நாட்டு மருந்து இல்லைன்னீங்களே."

"இது மருந்து இல்லையே அம்மா. என் தொழிற்கருவி."

அது உண்மை. நான் மறைக்கவில்லை. சம்மட்டியை யாராவது மருந்து என்று கணக்கில் சொல்வார்களா? அதை நான் மருந்தென எண்ணியதே இல்லை. ஆகவே அவர் கேட்டபோது அது என் நினைவின் வாசலுக்கே வரவில்லை.

பிறகு பேசினேன். பத்து மணித்துளி. நடுவில் குரல் இருமுறை அறுந்தது. அறுந்த இடத்தில் நீர் குடித்துத் தொடர்ந்தேன்.

வண்டியில் ஏறும்போது செண்பகம் நசீரை ஒரு பார்வை பார்த்தாள். "ஏம்ப்பா நசீரு, நீயும் இவருமா சேர்ந்து எனக்குத் தெரியாம ஒரு மெடிக்கல் ஷாப்பே வச்சிருக்கீங்களா?"

"அண்ணி, சத்தியமா தெரியாது அண்ணி."

"எனக்குந்தான் தெரியாது. வாயில ஏதோ குச்சி வச்சிக்கினு கீறாருன்னு நெனச்சேன், நாளெல்லாம் பாத்துக்கினு."

நசீர் மாதனூரில் எங்களை இறக்கிவிட்டான். இறங்கும்போது சிமிழை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆகத்து 6, புதன்

ஜெயசீலியின் அறை. அவர் தாளில் படம் வரைந்தார். நான் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டேன்.

"உப்பைப் பிடிச்சு வை, பொட்டாசியத்தை வெளிய அனுப்புன்னு சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோன் உத்தரவு கொண்டு வரும். அதே சாயல்ல இன்னொரு ஹார்மோன் ஆளு உடம்பு முழுக்க சுத்துறான், ஜாஸ்தியா. அவன் உள்ள வந்தா அதே வேலைய பல மடங்கு செஞ்சிடுவான். அவன உள்ள விடாம தடுக்க சிறுநீரகத்துக்குள்ளயே ஒரு வாட்ச்மேன் இருக்கான்."

"அந்தக் காவலன்?"

"அவனை உங்க அதிமதுரம் தூங்க வச்சிடுச்சு. நாங்க குடுக்கிற ஸ்டீராய்டும் உள்ள வர்றவனுக்கு சொந்தக்காரன்தான். கேக்கணுமா? உப்பும் தண்ணியும் தங்கிடுச்சு, பிரஷர் ஏறிடுச்சு, சிறுநீரகம் திணறுது. வெளியூர் ரிசல்ட்டும் நேத்து வந்துச்சு. இதத்தான் சொல்லுது."

ஆக, இரண்டு காவலர்கள். கொடுத்தவரின் ஈரல் வெளியே நின்று தன் தோழனைக் காத்தது, குறைவில்லாமல். உள்ளே நின்றவனை நான் இனிப்பு ஊட்டித் தாலாட்டினேன். சினம் கொள்ள வேண்டிய இடம் இது. ஆனால் அந்தப் படத்தின் அழகிலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். ஒரு வேர், என் கன்னத்தில் கரைந்து, அத்தனை தூரம் போய், ஒரே ஒருவனை மட்டும் தேடிப்பிடித்து உறங்கவைத்திருக்கிறது.

"சிறுநீரகம் மீளுமா?"

"வேரை நிறுத்துங்க. பாப்போம்."

"முழுமையாகத் தெரியாது?"

"முழுசா தெரியாது" என்றார். இம்முறை சிரித்தார்.

ஆகத்து 29, வெள்ளி

அழுத்த மாத்திரைகளில் இரண்டை எடுத்துவிட்டார்கள். பொட்டாசியம் சரி. கிரியாட்டினின் இறங்கியிருக்கிறது; முன்பிருந்த இடத்துக்கே. கணுக்காலை அழுத்தினேன். குழி இல்லை. மீண்டும் அழுத்தினேன்.

நசீருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் மூக்கு உறிஞ்சுவது கேட்டது.

"இருக்கிறாயா?"

"கீறேன் அண்ணே. உன்ன எந்திரத்துல படுக்க வச்சிருப்பேனே."

"நீ கொடுத்தது குரலுக்கு."

"இன்னா குரல் அது, கிட்னிய தின்னுற குரல்."

நவம்பர் 9, ஞாயிறு

வேர் இல்லாத குரல் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்ள இன்று வரை ஆயிற்று. அடிவயிற்றிலிருந்து எழுந்த பழைய முழக்கம் போயிற்று. வயிற்றைத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு ஏதுவாக இருக்கலாம். நடுத்தரமான, சற்றுக் கரகரப்பான குரல். வகுப்பறைக்குப் போதும். திடலுக்குப் போதாது.

ஆற்காட்டுத் தமிழ் மன்றம் பொங்கல் விழாவுக்கு அழைத்திருக்கிறது. மருத்துவர் ஒப்பினார், ஒரே கட்டளை, இரவு மாத்திரை தவறக் கூடாது. அங்கே கூட்டம் எப்போதும் தாமதமாகத்தான் தொடங்கும். நான் தொடங்கினால் எப்போது முடியும் என்று ஊருக்கே தெரியும்.

மறுத்துவிடலாம் என்று நசீரிடம் சொன்னேன். இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

"நீ இருக்கறத பேசு அண்ணே. மிச்சத்த நான் ஏத்துறேன். அதுக்குத்தான பெட்டில சவுண்டு குமிழு வச்சிருக்கான்."

"மாத்திரை நேரம்?"

"அதயும் நான் பாத்துக்கறேன்."

2026, சனவரி 18, ஞாயிறு

ஆற்காட்டிலிருந்து திரும்பியாயிற்று. செண்பகம் மன்றத்தார் கொடுத்த மக்கன் பேடா இனிப்பை எனக்குத் தெரியாமல் ஒளித்துவைக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியும்.

நல்ல கூட்டம். தலைப்பை நானே கொடுத்திருந்தேன்: "நாம் அறியாதவை." மன்றத் தலைவர் பஞ்சாட்சரம், "வழக்கமா பகைவர் யாருன்னு சொல்வீங்களே ஐயா, இது புதுசா இருக்கே" என்று இருமுறை கேட்டார். நாற்காலியில் அமர்ந்து பேசினேன். நசீர் குமிழைத் திருகித் திருகி என் சிறு குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுபோனான். முகம் தெரியாத ஒருவரின் ஈரல், தன்னோடு வந்த சிறுநீரகத்தை எப்படிக் காக்கிறது என்று மருத்துவர்களுக்கே இன்னும் முழுமையாகத் தெரியாது என்றேன். கல் வரவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு சூடேறியது. எனக்கே தெரிந்தது. கை உயர்ந்தது, ஒரு நெடுந்தொடர் கட்டிக்கொண்டு எழுந்தது, அதன் உச்சியை நான் தொடப்போகும் வேளையில் ஒலிவாங்கி செத்துவிட்டது.

அரங்கு விழித்தது. என் உதடு அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. காவலர்கள் வந்து நின்றபோதும் அணைக்காதவன் அணைத்துவிட்டான். நசீர் தன் பெட்டியை விட்டு எழுந்து, ஓரமாக நடந்து, மேடை ஏறினான். சட்டைப் பையிலிருந்து அந்தத் தகரச் சிமிழை எடுத்தான். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தான். வேரின் மணமே இல்லை. திறந்து நீட்டினான். உள்ளே இரவு மாத்திரை.

எடுத்தேன். அவன் கையிலிருந்த புட்டியை வாங்கி நீர் குடித்தேன். அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"ஆச்சா அண்ணே?"

தலையசைத்தேன். அவன் இறங்கிப் போய்த் தன் பெட்டியின் முன் அமர்ந்தான். ஒலி மெல்ல ஏறி வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.